சாமி எடுத்துக்கொண்டதாக நான் சொன்ன ஆட்டுக்குட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் போகும் சாலையோரம் இருக்கும் என் வீட்டின் பின்பக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லாத ஒன்றை ஒரு பெண்ணிடம் உண்மை என்று சொன்னேன். என் தவறு நாலு பேருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். அவள் அதை அப்படியே நம்பினாள். அதனால் என்ன ஆனது என்பதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

நான் அரசுக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு மாடியில் தனியாக இருக்கிறேன். கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடுவேன். அப்போது கீழே அந்தப் பெண்ணும் அவளுடைய ஆறு வயது மகனும் குடியிருந்தார்கள். கணவன் வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அதிர்ந்து பேச மாட்டாள். வாடகை தேதி தவறாது. இப்படி ஒரு குடித்தனம் கிடைப்பது அபூர்வம் என்று நானே அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதுவோம். முடிந்ததும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கார்த்திகையில் அதற்காக அவள் மாடிக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்ரிமெண்டு போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேக்கணுங்க சார்."

"வாடகையைக் குறைக்கணுமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லைங்க" என்று சிரித்தாள்.

முதல் விஷயம் பழுதுகள். அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது. குளியலறைக் கதவு அடியில் உளுத்துவிட்டது. அப்புறம், சம்பு மூடி. தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டியைத்தான் சம்பு என்போம். நகராட்சித் தண்ணீர் அதில் நிரம்பும், பிறகு மோட்டார் போட்டு மேலே ஏற்றிக்கொள்வோம். என் வீட்டுச் சம்பு பின்பக்கத்தில், துணி துவைக்கும் கல்லை ஒட்டி இருக்கிறது. ஆள் முங்கும் ஆழம். மேலே இரண்டு துண்டாகக் கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தேன்.

"ஒரு பக்கத்து மூடி விரிசல் விட்டிருக்கு சார். கம்பி வெளிய தெரியுது. இவன் அது மேல ஏறித்தான் கல்லுக்குத் தாவுறான். சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான்."

எனக்குத் தெரியும். அவள் சொல்வதற்கு மாதங்கள் முன்பே பார்த்திருந்தேன். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் பருத்து, தன்னை மூடியிருப்பதையே பிளந்துவிடும். இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். பிறகு ஏன் மாற்றவில்லை என்றால், சோம்பல்தான். தொட்டியைக் காலி செய்ய வேண்டும், கொத்தனாரைத் தேட வேண்டும், இரண்டு நாள் வீடு முழுக்கத் தூசி. இன்னொன்றும் இருந்தது. குடித்தனக்காரர் கேட்டதும் செய்துவிட்டால் அடுத்து வேறொன்று கேட்பார்கள் என்று ஒரு நினைப்பு. வீட்டுச் சொந்தக்காரன் என்ற பதவி கொடுக்கும் புத்தி அது.

"சரி, ரெண்டாவது?"

அவள் தயங்கினாள். "ஒரு ஆட்டுக்குட்டி கட்டி வளக்கணும் சார்."

நான் சிரித்துவிட்டேன். ஒப்பந்தத்தில் நாய், பூனை, கால்நடை எதுவும் கூடாது என்று நானே எழுதியிருந்தேன். நாய்க்காகக் கேட்டவர்கள் உண்டு. ஆட்டுக்காக யாரும் கேட்டதில்லை.

அவள் காரணத்தைச் சொன்னாள். முந்தைய வருடம் பையனுக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. தஞ்சாவூர் வரை கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். அவன் கண் திறக்காமல் கிடந்த இரண்டு நாளில், பிழைத்து எழுந்தால் குலதெய்வமான கருப்பருக்கு ஒரு கிடாக்குட்டி கொடுப்பதாக நேர்ந்திருக்கிறாள். அவன் எழுந்துவிட்டான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, விடாமல் சாப்பிட்டால் சில வருடத்தில் நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருந்தார். நேர்ந்தவள் கையால் தீனி வைத்து வளர்த்துத்தான் குட்டியைக் கொடுக்க வேண்டுமாம். வைகாசியில் படையல். அதுவரை கட்டிக்கொள்ள இடம் வேண்டும்.

"கேக்காமக் கொண்டாந்து கட்டியிருப்பேன் சார். நீங்க மாடியை விட்டு எறங்குறதே கம்மி. ஆனா சாமி காரியம். ஒளிச்சு வச்சுச் செய்யக் கூடாதுன்னு தோணுச்சு."

அந்த நேர்மையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

"குட்டிக்கு நான் ஒத்துக்கிறேன்மா. ஆனா இந்த வருஷம் ரிப்பேர்னு எதுவும் எங்கிட்ட வரக் கூடாது. ஏதாவது ஒண்ணுதான்."

"சரிங்க சார். அந்த மூடி மட்டும்..."

"மேல ஒரு பலகையைப் போட்டுக்கம்மா. பையனை அங்கிட்டு விடாதே."

"சரிங்க" என்று எழுந்து போனாள். வைகாசி வரை ஓர் ஆட்டுக்குட்டிக்கு அனுமதி, பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் அழகாக எழுதினேன். எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டதும் நினைவிருக்கிறது.

குட்டி வந்தது. முழுக் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. தெருவில் என்னைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். எதிர்வீட்டில் ஒரு ஆட்டோக்காரர் இருக்கிறார், வாய் சும்மா இருக்காது. "புதுக் குடித்தனம் வந்திருக்கு போல. அட்வான்ஸ் வாங்கினீங்களா சார், இல்ல புழுக்கையாவே கழிச்சுக்கிறீங்களா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன்.

உண்மையைச் சொன்னால் அந்த நாலைந்து மாதம் வீட்டில் ஒரு கலகலப்பு இருந்தது. பையன் பள்ளி விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் குட்டியிடம் ஓடுவான். அவன் எங்கே போனாலும் அது பின்னால் போகும். மாடிப்படி ஏறி வந்து என் செய்தித்தாளைத் தின்றது. வாழைப்பழத் தோலை அதற்காக எடுத்துவைக்க ஆரம்பித்தேன். ஒருநாள் பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, சாமி வீட்ல அகத்திக்கீரை இருக்குமா?"

குட்டி சாமி வீட்டுக்குப் போகப்போகிறது என்றுதான் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"நிறைய இருக்கும்டா" என்றேன். அவன் நிம்மதியாக எழுந்து போனான்.

சம்பு மூடியின் மேல் அவள் ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டு, நகராமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்திருந்தாள். மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பலகையின் மேல் பையன் நின்று குதிப்பதையும் பார்த்திருக்கிறேன். "டேய், இறங்கு" என்று குரல் கொடுப்பேன். இறங்குவான். என் கடமை அத்துடன் முடிந்தது என்று சன்னலை விட்டு நகர்ந்துவிடுவேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில்தான் தண்ணீர் வந்து சம்பு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ பிளந்து விழும் சத்தம், அதன் பின்னால் அவளுடைய அலறல். பையன் பெயரைச் சொல்லித்தான் அலறினாள். படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

பையன் துவைக்கும் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். கையில் கீரைக் கட்டு. கல்லுக்குத் தாவும்போது பலகையைக் காலால் தள்ளியிருக்கிறான். பின்னாலேயே வந்த குட்டி வெறும் மூடியில் கால் வைத்திருக்கிறது. மூடி பாதியாக உடைந்து உள்ளே போயிருந்தது. உடைந்து விழுந்த துண்டுக்கு அடியில் குட்டி சிக்கிக்கொண்டது. ஆட்டோக்காரர் ஓடிவந்து உள்ளே இறங்கினார். அவர் வெளியே தூக்கிப் போட்டபோது அதில் உயிர் இல்லை.

அவள் பையனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பையன் அழவில்லை. குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சொட்டச் சொட்ட நனைந்திருந்த ஆட்டோக்காரர், விளிம்பில் ஒட்டியிருந்த மூடித் துண்டைப் பெயர்த்துக் கையில் எடுத்தார். விரலால் அழுத்தினார். கம்பி செம்பொடியாக உதிர்ந்தது.

"சார், இது இன்னிக்கு நேத்து விட்ட விரிசல்..." என்று ஆரம்பித்தார்.

நான் அவரை முடிக்க விடவில்லை. அவள் பக்கம் திரும்பிக் குனிந்து உட்கார்ந்தேன்.

"அழாதம்மா. புள்ளை நிக்கிற எடத்தைப் பாரு. கொஞ்சம் முந்தியிருந்தா உள்ள போயிருக்கிறது யாரு? ஒன் சாமி புள்ளையை விட்டுட்டு, தனக்குன்னு நேர்ந்ததை எடுத்துக்கிட்டார். அவ்வளவுதான் நடந்திருக்கு. இனிமே இவனுக்கு ஒரு குறையும் வராது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்களா சார் சொல்றீங்க?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் கோயிலுக்குப் போகாதவன். அவள் கொண்டுவரும் திருநீற்றைக்கூட, "எனக்கு வேண்டாம்மா, பையனுக்கு வச்சுவிடு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சாமி நம்பிக்கை உள்ள ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் வழக்கமான ஆறுதலாகக் கேட்டிருப்பாள். நம்பாதவன், அதுவும் படித்தவன், அவனே சொல்கிறான் என்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? அவள் முகம் மாறியது. பையனின் தலையைத் தடவினாள். இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டாள்.

நான் அதை வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் தெருவில் பார்த்தபோது, "நல்லாப் பேசினீங்க சார். வாத்தியாரு இல்ல?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

இரண்டே நாளில் சம்புக்கு இரும்புத் தகட்டில் மூடி போட்டேன். குழாயும் மாற்றினேன், குளியலறைக் கதவும் மாற்றினேன். அவ்வளவு எளிதாக முடிகிற வேலை. அதற்கும் அவள் நன்றி சொன்னாள். குட்டியை அவளுடைய தம்பி வந்து ஊருக்கு எடுத்துப்போய், மாலை போட்டு வயலில் புதைத்தான். வைகாசிப் படையலுக்கு வேறு குட்டி கொடுக்கச் சொல்லி மாமியார் வற்புறுத்தினாளாம். இவள் மறுத்திருக்கிறாள். பொங்கல் மட்டும் வைத்துவிட்டு வந்தாள்.

"சாமி அதுவா எடுத்துக்கிட்டதுக்கு மேல நாம குடுத்தா, குடுத்ததை மறந்த மாதிரி ஆகாதா சார்? நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். கோயிலுக்கே போகாத மனுசர் சொல்றாருன்னு சொன்னேன். அத்தையால பதில் பேச முடியலை."

நான் சொன்னது எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. மளிகைக் கடையில் ஒருவர் அதை என்னிடமே சொல்லி மெய்சிலிர்த்தார். தலையாட்டிவிட்டு உப்புப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். பொய் என்று ஒப்புக்கொள்ள நேரம் கடந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு நிம்மதி கிடைத்திருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் மறுபடி ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தாள்.

"இந்தத் தடவை என்னம்மா செய்யணும்? வெள்ளை அடிக்கணுமா? நாய் ஏதும் வளக்கணும்னாலும் வளத்துக்க."

"ஒண்ணும் வேண்டாங்க சார். எல்லாம் நல்லா இருக்கு."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். நான் கொடுக்கத் தயாராக இருந்தபோது அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

மார்கழியில் ஒரு மதியம் பள்ளியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. பையனுக்கு வலிப்பு. முன்பு வந்ததைவிடக் கடுமை. வகுப்பிலேயே விழுந்து, பெஞ்சுக் காலில் தலை அடிபட்டிருந்தது. எதிர்வீட்டு ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் ஏறிக்கொண்டேன். உள்ளே பையனுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து அவளிடம், மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். மறுபடி கேட்டார். "நிறுத்திட்டேன்" என்றாள் மெதுவாக.

டாக்டரம்மா கடுமையாகத் திட்டினார். தடங்கலில்லாமல் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்ச காலத்தில் நிறுத்தியிருக்கலாம், இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அளவும் கூடும் என்றார். அவர் போன பிறகு நான் கேட்டேன்.

"எப்பம்மா நிறுத்தினே?"

"வைகாசிக்கு அப்பறம் சார். மாத்திரை சாப்பிட்டா அவன் தூங்கித் தூங்கி விழுவான். கிளாஸ்ல மிஸ் திட்டுவாங்க. அதான் நீங்க சொன்னீங்களே, இனிமே ஒரு குறையும் வராதுன்னு. சாமியே விட்டுட்ட புள்ளைக்கு மாத்திரை எதுக்குன்னு..."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. தன்னை நியாயப்படுத்திக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். அங்கே ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி துருப்பிடித்தது எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன். மூடி உடையும் என்றும் தெரியும். ஆட்டோக்காரர் அதைச் சொல்லிவிடுவார் என்று பயந்துதான் சாமியை இழுத்தேன், எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது, நான் சொன்னது பொய் என்று சொன்னேன்.

திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். பிறகு சொன்னாள்.

"சாமியை நம்பித்தான் மாத்திரையை நிறுத்தினேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். ஒங்களை நம்பித்தான் நிறுத்தியிருக்கேன்."

எழுந்து உள்ளே போய்ப் பையன் கட்டிலின் அருகில் நின்றுகொண்டாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்தாள். மருத்துவச் செலவை நான் ஏற்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். மாதாமாதம் மாத்திரை நான் வாங்கி வருகிறேன், பரிசோதனைக்கு நான் அழைத்துப் போகிறேன் என்றேன். "நான் பாத்துக்கிறேங்க" என்றாள். பையனைத் தனியே விட்டு இனி வேலைக்குப் போக முடியாது, மாமியார் ஊரிலேயே இருந்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். ஜவுளிக்கடை வேலையும் போயிற்று. சாவியை என் மேசையில் வைத்தாள். வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

சாமான் ஏற்றிக்கொண்டு போய்வந்த ஆட்டோக்காரரிடம் சில வாரம் கழித்து விசாரித்தேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் சொன்னார். "அந்தப் பொண்ணை அங்க குத்திக் காட்டிக்கிட்டே இருக்காங்களாம் சார். இவ நேர்த்தியை ஏமாத்திட்டா, அதான் புள்ளைக்குத் திரும்ப வந்துச்சுன்னு. வைகாசியில வேற குட்டி குடுக்கப் போகுது."

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அவளிடம் உண்மையைச் சொன்னது போதாது, அவளைக் குறை சொல்கிறவர்கள் முன்னாலும் சொல்ல வேண்டும். பொய் சொன்னது நான், அவள் ஏமாற்றவில்லை என்று சொன்னால் அவள் பாரம் குறையும். வைகாசிப் படையலன்று பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் கோயில். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். அவள் ஒரு கறுப்புக் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். அந்தக் குட்டியை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பூசாரி குட்டியின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குட்டி அசையாமல் நின்றது. மறுபடி தெளித்தார். மறுபடியும் அசையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாமி நம்பிக்கை இல்லாத நான், அந்த ஆடு ஒரு முறை சிலிர்க்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறை தலையிலிருந்து வால் வரை உதறியது. குலவைச் சத்தம் கேட்டது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து இலை போடும் நேரத்தில் மாமியாரைத் தேடிப் போனேன். நான்கைந்து பெண்கள் கூட இருந்தார்கள். யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அன்று நான் சொன்னது பொய், மருமகள் மேல் தவறில்லை, என்னை நம்பியதுதான் அவள் செய்தது என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணி தெளிச்சுக் குட்டி சிலுப்பணும், அதான் படையல். தண்ணிக்குள்ள விழுந்து செத்தது படையலாகுமான்னு நான் அன்னிக்கே கேட்டேன். படிச்சவுக சொல்றாக, ஒங்களுக்கு என்ன தெரியும்னா இவ." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியாத்தா? படிச்சவுகளே வந்து சொல்லிட்டாக. பொய்யாம்ல."

சுற்றி நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள். மருமகள் கையில் சோற்றுக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் காப்பாற்ற என்று வந்து, அவளுக்கு எதிரான கடைசிச் சாட்சியையும் நான்தான் கொடுத்திருந்தேன்.

புறப்பட்டேன். "படையலுக்கு வந்துட்டுச் சாப்பிடாமப் போகக் கூடாது" என்று பின்னாலிருந்து அவள் சொன்னாள். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். அவள்தான் பரிமாறினாள். மற்றவர்களுக்கு வைத்த மாதிரியே வைத்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னால் இரண்டு கவளத்துக்கு மேல் விழுங்க முடியவில்லை.

பஸ்ஸுக்கு நடந்தபோது அவள் வரப்பு வரை வந்தாள்.

"புள்ளை எப்படிம்மா இருக்கான்?"

"இருக்கான் சார். மாத்திரை ஒழுங்காக் குடுக்குறேன். படிப்புத்தான் மந்தமாயிருச்சு. இந்தக் குட்டியை அவனைத் தொடவே விடலை. அவனும் கிட்ட வரலை."

வரப்பு முடிகிற இடத்தில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா சார்?"

"கேளும்மா."

"இன்னிக்குக் குடுத்த குட்டியாவது சாமிக்குப் போய்ச் சேந்திருக்குமா?"

என் முகத்தையே பார்த்தாள். சேர்ந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. சாமியே இல்லை என்றும் சொல்லலாம், அது என் கொள்கை. இரண்டும் வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். கோபமாகத் தெரியவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை, பார்க்கப் போகும் தைரியமும் இல்லை. வகுப்பில் மாணவர்கள் கேட்ட எத்தனையோ கேள்விக்கு எனக்குத் தெரியாது என்று கூசாமல் சொன்னவன் நான், அந்த ஒரு காலையில் அதைச் சொல்லாமல் விட்டதற்கு ஒரு பிள்ளை இன்னும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்போடுதான் தினமும் கண் விழிக்கிறேன்.